உஃபிஸியில் கைடு வேண்டுமா, வேண்டாமா?

#1 தாமரைக்குளம்

போன மாசம் இத்தாலியில பிளாரன்ஸ் போயிருந்தேன். அங்க உஃபிஸி ஓவியக் கேலரியில ரெண்டு மணி நேர கைடு டூர் எடுத்தேன். முடிஞ்சு வெளிய வந்து ஆர்னோ ஆத்தங்கரையில உட்கார்ந்தப்ப அழுகை வந்துடுச்சு. காலேஜ் நாள்லேர்ந்து பார்க்கணும்னு ஏங்கின படங்களை இன்னொருத்தரோட கால் வேகத்துல கடந்துட்டு வந்திருக்கேன்.

நடந்ததைச் சொல்றேன். இருபது பேர் குழு, ஆளுக்கொரு ஹெட்செட். மாடியேறிப் போனா ஆரம்பத்துலயே ஒரு பெரிய அறை வரும். சீமாபூவே, டூச்சியோ, ஜியோட்டோ மூணு பேரும் வரைஞ்ச மூணு மடோன்னா அங்க இருக்கு. மூணும் ஆளைவிடப் பெரிய பலகைகள், மூணுலயும் தங்கப் பின்னணி. மடியில குழந்தையோட மேரி, சுத்தி தேவதைகள். டூச்சியோவோடது 1285, ஜியோட்டோவோடது 1310 வாக்குல. அந்தக் கால இடைவெளியில என்ன நடந்துச்சுன்னு ஒரே அறையில நின்னு கண்ணால பார்க்கலாம். சீமாபூவேயோட மேரி உடுத்தின துணியில தங்கக் கோடுகள் வலை மாதிரி ஓடும், உள்ள உடம்பு இருக்கிறதே தெரியாது. ஜியோட்டோவோட மேரிக்கு முழங்கால் இருக்கு. துணி அந்த முழங்கால் மேல விழுந்து மடியுது. அவ நிஜமாவே உட்கார்ந்திருக்கா, எடையோட. மறுமலர்ச்சி எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்கிறவங்களுக்கு நான் அந்த முழங்காலைத்தான் காட்டுவேன்.

எங்களுக்கு அந்த அறையில கிடைச்சது ரெண்டு நிமிஷம். "இது பழைய பாணி, போட்டிசெல்லி அறையில கூட்டம் சேர்றதுக்குள்ள போயிடலாம்"னு கைடு நகர்ந்துட்டார். ஹெட்செட்ல குரல் தேயத் தேய நானும் பின்னாலயே ஓடினேன்.

இன்னொண்ணு, கைடு சொன்ன கதைகள். வெரோக்கியோ வரைஞ்ச 'கிறிஸ்துவின் திருமுழுக்கு' படத்துல இடது ஓரத்து தேவதையை மாணவனா இருந்த லியோனார்டோ வரைஞ்சார். அதைப் பார்த்த குரு வெட்கப்பட்டு அதுக்கப்புறம் தூரிகையையே தொடலைன்னார். அது, ஓவியர்களோட வாழ்க்கைக் கதைகளை எழுதின வசாரி 1550ல எழுதின கதை. வெரோக்கியோ இறந்தது 1488, வசாரி பிறந்ததே 1511. போட்டிசெல்லியோட 'வீனஸின் பிறப்பு' படத்துல வீனஸோட முகம், அந்தக் காலத்து பிளாரன்ஸ் அழகி சிமோனெட்டா வெஸ்பூச்சிதான்னு அடிச்சுச் சொன்னார். அந்தப் பொண்ணு 1476லயே இறந்துட்டா, படம் 1485 வாக்குல வரைஞ்சது. யூகத்தை யூகம்னு சொன்னா என்ன குறைஞ்சிடும்?

அதனால என் முடிவு: உஃபிஸிக்குத் தனியாத்தான் போகணும். மறுப்பு இருந்தா சொல்லுங்க.

#2 மலைக்கோட்டை

நான் முழுக்க மறுக்கிறேன், அம்மா. முப்பத்திரண்டு வருடம் வரலாறு நடத்தியவன். நானும் என் மனைவியும் இரண்டு வருடங்களுக்கு முன் போனோம். கைடு இல்லாமல் போயிருந்தால் நான் குருடனாகத்தான் திரும்பியிருப்பேன்.

ஒரே ஒரு உதாரணம். பியரோ டெல்லா ஃபிரான்செஸ்கா வரைந்த உர்பினோ பிரபு ஃபெடெரிகோ, அவர் மனைவி பத்திஸ்தா ஸ்ஃபோர்ஸா. எதிரெதிரே பார்க்கும் பக்கவாட்டு முகங்கள். அவருக்குச் சிவப்புத் தொப்பி, மூக்கின் மேட்டில் ஒரு வெட்டுப் பள்ளம். அவளுக்கு மெழுகு போல வெளுத்த முகம். எல்லோரும் எதிரே நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். எங்கள் கைடு அங்கே நிற்கவே இல்லை. "முதலில் பின்பக்கம் வாருங்கள்" என்று சுற்றிக் கூட்டிப் போனார். பலகைகளின் பின்புறத்திலும் ஓவியம் இருக்கிறது! இரண்டு தேர்கள். அவருடைய தேரை வெள்ளைக் குதிரைகள் இழுக்கின்றன, அவளுடையதை ஒற்றைக் கொம்புக் குதிரைகள். கீழே லத்தீன் வாசகம். கைடு விரலால் காற்றில் கோடு போட்டுக் காட்டினார்: அவரைப் பற்றிய வரிகள் நிகழ்காலத்தில், அவளைப் பற்றிய வரி இறந்தகாலத்தில். பத்திஸ்தா 1472இல், ஆண் குழந்தை பெற்ற சில மாதங்களில் இறந்துபோனவள். அதைக் கேட்ட பிறகு முன்பக்கம் வந்து அந்த வெளுத்த முகத்தைப் பார்த்தோம். என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஃபெடெரிகோ ஏன் இடப்பக்கம் மட்டும் காட்டுகிறார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. வலக்கண்ணைக் குதிரை மேலிருந்து ஈட்டியால் மோதும் ஒரு போட்டியில் இழந்தவர்.

லத்தீன் தெரியாத நான் தனியாக நின்றிருந்தால் இதில் எது எனக்குத் தெரிந்திருக்கும்?

உங்கள் கோபம் நியாயம். ஆனால் அது இருபது பேருக்கு இரண்டு மணி நேரம் என்று கணக்குப் போட்ட ஏற்பாட்டின் மேல் இருக்க வேண்டும். இத்தாலியில் தேர்வு எழுதி உரிமம் வாங்கினால்தான் கைடு வேலை செய்ய முடியும். படித்தவர்கள் அவர்கள். அவர்களிடம் ஒரு கடிகாரத்தைக் கொடுத்து ஓடவிட்டால் யாராக இருந்தாலும் ஓடத்தான் செய்வார்.

#3 கோட்டோவியன்

நான் ஓவியம் படிச்சவன், அதையே தொழிலா செய்யறவன். தாமரைக்குளம் பக்கம்தான் நிக்கறேன், ஆனா காரணம் வேற. நேரம் குறைவுங்கறது இல்ல என் பிரச்சினை. நாலு மணி நேரம் குடுத்தாலும் எனக்கு கைடு வேண்டாம்.

காலை 8.15க்குக் கதவு திறந்ததும் நேரா போட்டிசெல்லி அறைக்குப் போனேன். 'வீனஸின் பிறப்பு' முன்னாடி நாப்பது நிமிஷம். முதல் பத்து நிமிஷம் ஒண்ணுமே தெரியல, போஸ்டர்ல பார்த்த படம்தான் தெரிஞ்சுது. அப்புறம்தான் கண் இறங்குச்சு. உடம்பைச் சுத்தி ஒரு கருங்கோடு ஓடுது, தோள்லேர்ந்து முழங்கை வரைக்கும் கை எடுக்காம இழுத்த மாதிரி. கழுத்து நீளம் அதிகம். இடது தோள் சரிஞ்சு, கை எங்கே ஆரம்பிக்குதுன்னே சொல்ல முடியாது. சிப்பி மேல நிக்கிற கால்ல எடையே இல்ல. தப்பு தப்பா இருக்கிற உடம்பு, ஆனா கோடு ஒரு இடத்துலகூடப் பொய் சொல்லல. முடியில தங்கத்தை மெல்லிசா இழுத்திருக்கார். நகர்ந்து நகர்ந்து பார்த்தா அது மின்னி அணையுது. எந்த அச்சுலயும் அது வராது.

ஒன்பது மணிக்கு குழுக்கள் வர ஆரம்பிச்சுது. ஒவ்வொரு கைடும் பிளேட்டோ தத்துவம், மெடிச்சி குடும்பம், தெய்விகக் காதல்னு பேசறாங்க. தப்புன்னு சொல்லல. ஆனா கேக்கிறவங்க கண் எங்க இருக்குன்னு பார்த்தேன். கைடு முகத்துல இருக்கு, போன்ல இருக்கு. படத்துல இல்ல.

ஐயா சொன்ன லத்தீன் வாசகத்தை முந்தின ராத்திரி ஹோட்டல்ல படிச்சுட்டுப் போகலாம். படிக்கிறது வீட்ல, பார்க்கிறது அங்க. ரெண்டையும் ஒரே நேரத்துல செய்ய மனுஷனால முடியாது.

#4 வல்லைவெளி

நான் சூரிச்சில இருக்கிறன். மகளோட ரயில்ல பிளாரன்ஸ் போனனாங்கள். அவளுக்கு ஒன்பது வயசு. கோட்டோவியன் அண்ணை, நாப்பது நிமிசம் ஒரு படத்துக்கு முன்னால நிக்கிறது உங்களுக்குச் சரி. என்ர பிள்ளைக்கு நாலு நிமிசமே பெரிசு.

நாங்கள் ரெண்டு குடும்பம் சேர்ந்து தனியா ஒரு கைட் பிடிச்சனாங்கள். அந்த அக்கா ஒன்றரை மணித்தியாலத்தில எட்டுப் படம்தான் காட்டினா. மைக்கேலாஞ்சலோவின்ர வட்டப் படம் இருக்கெல்லோ, தோனி குடும்பத்துக்குக் கீறினது, அதுக்கு முன்னால என்ர மகளிட்ட கேட்டா: "அம்மா பிள்ளையைக் குடுக்கிறாவோ, வாங்கிறாவோ?" அவ்வளவுதான். வேற ஒண்டும் சொல்லேல்ல. மேரி நிலத்தில இருந்து, உடம்பை முறுக்கி, தோளுக்கு மேலால கையைத் தூக்கி வைச்சிருக்கிறா. பின்னால யோசேப்பு. பிள்ளை ரெண்டு பேருக்கும் நடுவில. மகள் குடுக்கிறா எண்டாள். பிறகு இல்லை, வாங்கிறா எண்டாள். பிறகு தானே நிலத்தில இருந்து கையை அப்பிடித் தூக்கிப் பார்த்தாள். காவலுக்கு நிண்டவர் சிரிச்சவர். அதில பெரிய ஆக்களுக்கே ஒருமித்த கருத்து இல்லையாம் எண்டு பிறகுதான் அந்த அக்கா சொன்னா.

சட்டத்தில எத்தினை தலை இருக்கு எண்டு எண்ணச் சொன்னா. மரத்தில செதுக்கின அஞ்சு தலை, வெளியால எட்டிப் பார்க்கிற மாதிரி. நான் அந்தப் படத்தை எத்தினையோ தரம் புத்தகத்தில பார்த்தனான். சட்டத்தைப் பார்த்ததே இல்லை.

கேள்வி கேக்கிற கைட் வேற, கதை சொல்லுற கைட் வேற. அதைச் சொல்லத்தான் எழுதினன்.

#5 தாமரைக்குளம்

வல்லைவெளி அக்கா, இதைப் படிச்சதும் பொறாமையா இருந்துச்சு. ஆனா ரெண்டு குடும்பம் சேர்ந்து பிடிக்கிற தனி கைடு எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. டிக்கெட் மட்டுமே 25 யூரோ, முன்பதிவுக்கு இன்னும் 4. என்னை மாதிரி தனியா போறவளுக்கு இருபது பேர் குழுதான் கிடைக்கும்.

ஐயா, லியோனார்டோவோட 'மங்கள வார்த்தை' படத்துக்கு வர்றேன். மேரியோட வலது கை அளவுக்கு மீறி நீளம், புத்தகம் வெச்ச மேசையை எட்டறதுக்காக நீட்டின மாதிரி இருக்கும். எங்க கைடு எல்லாரையும் வலப்பக்கம் தள்ளி நிக்கச் சொன்னார். அங்கேர்ந்து பார்த்தா கை சுருங்கி சரியாயிடுது. பிரமிச்சுப் போனேன், ஒத்துக்கறேன். "பலிபீடத்துக்குப் பக்கத்துச் சுவர்ல மாட்டறதுக்காகக் கணக்குப் போட்டு வரைஞ்சார்"னு முடிச்சுட்டார். ஊருக்கு வந்து படிச்சா, இருபது வயசுப் பையன் பண்ணின பிழைன்னு சொல்ற அறிஞர்களும் இருக்காங்க. எனக்கு அந்தச் சந்தேகம் வேணும். இருபது வயசுல லியோனார்டோவும் ஒரு கையைத் தப்பா வரைஞ்சிருக்கலாம்ங்கறது எவ்வளவு பெரிய விஷயம்! அதை என்கிட்டேர்ந்து ஏன் மறைக்கணும்?

#6 மலைக்கோட்டை

மறைத்தது தவறு. அதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன்: வலப்பக்கம் போய் நின்று பார்க்கலாம் என்று உங்களுக்கு யார் சொன்னது? அந்தக் கைடுதானே? விளக்கம் பிழையாக இருக்கலாம், காலை நகர்த்தியது பிழையா?

தம்பி கோட்டோவியன், "படிக்கிறது வீட்ல" என்கிறீர்கள். எதைப் படிப்பது என்று தெரிந்தவருக்கு அது சரி. அறை அறையாக நூற்றுக்கணக்கான படங்கள். நான் எதைத் தேடுவேன்? என் வகுப்பில் பையன்களிடம் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு நான் வெளியே போயிருக்கலாம். போகவில்லையே.

இன்னொன்றையும் கைடு சொல்லித்தான் அறிந்தேன். பிளாரன்ஸை ஆண்ட மெடிச்சி வம்சத்தின் கடைசி வாரிசு அன்னா மரியா லூயிசா 1737இல் ஓர் ஒப்பந்தம் செய்தாள். குடும்பத்தின் கலைச்செல்வம் எதுவும் பிளாரன்ஸை விட்டு வெளியே போகக்கூடாது. காரணமும் அதில் எழுதியிருக்கிறது: நாட்டுக்கு அணியாக, மக்களுக்குப் பயனாக, அயலாரின் ஆவலை ஈர்ப்பதற்காக. அந்த நீண்ட தாழ்வாரத்தில் ஜன்னல் ஓரம் நின்று, பொன்டே வெக்கியோ பாலத்தைப் பார்த்தபடி இதைக் கேட்டேன். அந்த அயலாரில் நானும் ஒருவன் என்று தோன்றியபோது உடம்பு சிலிர்த்தது. இதை எந்தப் படத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

#7 கோட்டோவியன்

ஐயா, அந்த ஒப்பந்தம் அருமையான விஷயம். ஆனா அது வரலாறு. நான் ஓவியத்தைப் பத்திப் பேசறேன். ரஃபேலோட 'தங்கக் குருவி மடோன்னா' படத்தை எடுத்துக்குங்க. வீடு இடிஞ்சு விழுந்து அந்தப் பலகை 17 துண்டாச்சு, பத்து வருஷம் சீரமைச்சு 2008ல முடிச்சாங்க. இதைக் கேட்டதும் எல்லாரும் விரிசலைத் தேடறாங்க. குருவியைத் தடவற குழந்தையோட விரலைப் பார்க்க யாருமில்ல. கதை நல்லதா இருந்தாலும் இதுதான் நடக்குது. நான் என் கருத்தை மாத்திக்கல.

#8 வல்லைவெளி

அண்ணை, என்ர மகள் அந்த விரலைப் பார்த்தவள். குருவிக்கு நோகுமோ எண்டு கேட்டவள். துண்டு துண்டாப் போன கதையும் அவளுக்குத் தெரியும்.

#9 தாமரைக்குளம்

ரெண்டு நாளா இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். அக்டோபர்ல மறுபடி போறேன், செவ்வாய்க்கிழமை காலை 8.15க்கு டிக்கெட் போட்டாச்சு. தனியாத்தான். அந்த மூணு மடோன்னா அறையில ஒரு மணி நேரம் இருப்பேன், யாரும் இழுக்க மாட்டாங்க. குழு டூர் வேண்டாம்ங்கறதுல நான் மாறல.

ஆனா ஐயா, பியரோ படத்துக்குப் பின்பக்கம் நான் போகவே இல்ல. முன்னாடி நின்னு போட்டோ எடுத்துட்டு வந்தவங்கள்ல நானும் ஒருத்தி. அந்த லத்தீன்ல இறந்தகாலம் எந்த வார்த்தைன்னு சொல்றீங்களா? எழுதி எடுத்துட்டுப் போறேன்.

#10 மலைக்கோட்டை

'தெனுவித்', அம்மா. 'காத்தாள்' என்று பொருள். நல்ல காலத்திலும் தன் அளவைக் காத்தவள் என்று வருகிறது அந்த வரி. ஒற்றைக் கொம்புக் குதிரைகள் இழுக்கும் தேருக்குக் கீழே தேடுங்கள். அதைப் பார்த்த பிறகு முன்பக்கம் போங்கள்.