பழைய தரையோடு புது ஆத்தங்குடிக் கல் சேரவில்லை, அவசரம்

கானாடுகாத்தான்_வீடு:
எல்லாருக்கும் வணக்கம். பட்டாசாலையில் தரை அமுங்கிப்போன இடத்தைப் பெயர்த்துவிட்டுப் புதுக் கல் (ஆத்தங்குடி டைல்ஸ்) பதித்துக்கொண்டிருக்கிறோம். அதே பூ, அதே நிறம், ஆத்தங்குடியிலேயே சொல்லிச் செய்தது. ஆனால் பழைய தரையோடு சேரவில்லை. முதல் கல் கச்சிதமாக உட்கார்கிறது, போகப்போக விலகுகிறது. சுவர்தான் கோணல் என்கிறார் கொத்தனார். பட்டறையில் கேட்டால் சொன்னபடிதான் செய்தோம் என்கிறார்கள். இன்னும் 23 நாளில் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) சாந்தி கல்யாணம், பங்காளிகள் அத்தனை பேரும் அந்தப் பட்டாசாலையில்தான் உட்காருவார்கள். என்ன செய்யலாம், சீக்கிரம் சொல்லுங்கள்.

தேவகோட்டைத்_தம்பி:
அண்ணே, கல் என்ன அளவு? எத்தனை வரிசை பதித்திருக்கிறீர்கள்? எந்தப் பக்கம் விலகுகிறது, நீளத்திலா அகலத்திலா? ஒரு படம் போடுங்கள்.

ஓய்வுபெற்ற_பொறியாளர்:
அளவு இல்லை, படம் இல்லை, எவ்வளவு விலகுகிறது என்பதும் இல்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டு நாடியைக் காட்ட மறுப்பதுபோல் இருக்கிறது. இங்கே பலமுறை சொல்லிவிட்டேன், முதலில் அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள், பிறகு கேளுங்கள். உங்கள் கொத்தனார் சொல்வது சரியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நூறு வருடத்துக் கட்டடத்தில் மூலைமட்டம் எதிர்பார்க்க முடியாது. ஒரு மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடி, மறு சுவரில் 4 அடி குறித்துக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் நடுவே குறுக்காக 5 அடி வந்தால் மூலை நேர். வராவிட்டால் சுவர்தான் குற்றவாளி.

பள்ளத்தூர்_மேஸ்திரி:
சுவரைப் பார்க்காதீர்கள் தம்பி, அடிப்படுகையைப் பாருங்கள். அமுங்கின இடம் என்கிறீர்கள், கீழே மண் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தால் மேலே எந்தக் கல் போட்டாலும் நகரும். மணல் நிரப்பித் தண்ணீர் விட்டுத் திமிசு (இடிகட்டை) போட்டீர்களா?

கோட்டையூர்_வாசி:
எனக்கென்னவோ கல்லை வெயிலில் காயப்போட்டுச் சுருங்கியிருக்கும் என்று தோன்றுகிறது. நிழலில்தான் உலர்த்த வேண்டும். இப்போது அவசரத்தில் யார் அதெல்லாம் பார்க்கிறார்கள்?

கானாடுகாத்தான்_வீடு:
மூலைமட்டம் பார்த்தாயிற்று, 5 அடி சரியாக வருகிறது. திமிசும் போட்டோம். படம் அப்புறம் போடுகிறேன், போனில் ஏற மாட்டேன் என்கிறது. எட்டாவது கல்லுக்கு வரும்போது பூவின் மூலை ஒரு அங்குலம் விலகி நிற்கிறது. இரண்டு பக்கமும் அப்படித்தான்.

காரைக்குடி_தச்சன்:
அண்ணே, நிறுத்துங்கள், இனி ஒரு கல்லும் பதிக்க வேண்டாம். எட்டுக் கல்லுக்கு ஒரு அங்குலம் என்று சொன்னதிலேயே விஷயம் வந்துவிட்டது. ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். அப்படியென்றால் கல்லுக்கு ஒரு நூல் குறைகிறது. சுவர் கோணலாக இருந்தால் ஒரு பக்கம்தான் இழுக்கும், மண் இறங்கினால் மட்டம் போகும், இப்படி இரண்டு பக்கமும் ஒரே கணக்காகக் குறையாது.

பழைய தரையில் பத்துக் கல்லை ஒரே நேராக அளங்கள். அப்புறம் மிச்சமிருக்கும் புதுக் கல்லில் பத்தை வாசலில் ஒட்டி அடுக்கி, அதையும் அளங்கள். ஒற்றைக் கல்லை அளந்தால் ஒரு நூல் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். பத்தாக அளந்தால் மறைக்க முடியாது. அளந்துவிட்டு, பட்டறைக்கு அளவு என்னவென்று எழுதிக் கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள்.

கானாடுகாத்தான்_வீடு:
பழையது பத்துக் கல் 6 அடி 8 அங்குலம். புதியது பத்துக் கல் சரியாக 2 மீட்டர். சென்னையில் இருக்கிற தம்பிதான் வரைபடம் போட்டு வாட்ஸப்பில் அனுப்பினான், அதில் 200 × 200 என்று இருந்தது. அதைத்தான் பட்டறைக்கு அனுப்பினேன். 8 அங்குலம் என்றால் 20 செ.மீ. தானே?

காரைக்குடி_தச்சன்:
அங்கேதான் போயிற்று. ஒரு அங்குலம் 25.4 மி.மீ., எட்டு அங்குலம் 203.2. உங்கள் தம்பி அந்த 3.2-ஐ உதறிவிட்டு முழு எண்ணாக எழுதிவிட்டார். ஒரு நூல் என்பது 3.175 மி.மீ., ஏறக்குறைய அதேதான். பட்டறைக்காரர் மேல் தப்பே இல்லை, 200 என்று எழுதிக் கொடுத்தால் அவர் 200-க்குத்தான் சட்டம் (கல் வார்க்கிற சதுர அச்சு) போடுவார். பெயர்த்த இடம் எவ்வளவு?

கானாடுகாத்தான்_வீடு:
12 அடிக்கு 8 அடி. 240 கல் வாங்கினேன்.

காரைக்குடி_தச்சன்:
12 அடிக்குப் பதினெட்டுக் கல், 57.6 மி.மீ. குறையும், அதாவது இரண்டேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. 8 அடிக்குப் பன்னிரண்டு கல், ஒன்றரை அங்குலம். பூவேலை இல்லாத வெறும் சிவப்புக் கல்லாக இருந்தால் ஓரத்தில் ஒரு பட்டை வெட்டிப் போட்டுச் சமாளிக்கலாம். உங்களுடையது நாலு கல் சேர்ந்தால்தான் ஒரு பூ, அதனால் அந்தப் பேச்சே இல்லை.

ஓய்வுபெற்ற_பொறியாளர்:
மெட்ரிக் அளவுமுறையைச் சரியாகப் படிக்காததால் வந்த வினை. 203 என்று எழுதியிருந்தால் முடிந்திருக்கும். 1956-ல் எடை அளவுச் சட்டம், 1957 ஏப்ரல் 1 முதல் நயா பைசா, 1958-ல் கிலோ எடை, 1962-லிருந்து கடையில் வீசையும் சேரும் செல்லாது. இத்தனை வருடம் ஆகியும் கொத்தனார் நூலில் பேசுகிறார், தச்சர் அங்குலத்தில் பேசுகிறார். இந்த நாடு எப்படி உருப்படும்?

வளவுவீட்டு_முத்து:
ஐயா, மெட்ரிக் வராமல் இருந்திருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லையே. எட்டு அங்குலம் என்று வாயால் சொன்னால் ஆத்தங்குடியில் எந்தப் பட்டறையிலும் சட்டத்தை எடுத்து வைத்துவிடுவார்கள். எட்டும் பத்தும் கையோடு இருக்கிற அளவு. தாளில் 200 என்று கண்டதால்தான் தனிச் சட்டம் போட்டுச் செய்திருக்கிறார்கள். அப்புறம் வீட்டு விஷயத்தில் அடியை விட முடியாது. மனையடி சாஸ்திரப்படி அறைக்கு 11 அடி நல்லது, 12 ஆகாது. அதைப் போய் 3.35 மீட்டர் என்று எழுதினால் எந்த ஆச்சி ஒத்துக்கொள்வார்கள்?

ஓய்வுபெற்ற_பொறியாளர்:
பேரை மாற்றி எழுதினால் அறை சுருங்கிவிடுமா? 3.353 என்று எழுதுங்கள், உங்கள் 11 அடியும் பத்திரமாக இருக்கும். நீங்கள் கட்டிக்கொண்டு அழுகிற அடியே வெள்ளைக்காரன் கொண்டுவந்த அடிதான். நம் ஸ்தபதிகள் தச்சு முழக்கோல் வைத்திருந்தார்கள். அங்குலம் என்ற சொல் நம்முடையது, 25.4 நம்முடையது அல்ல. அந்த அங்குலத்தையே 1959-லிருந்து மில்லிமீட்டரில்தான் வரையறுத்திருக்கிறார்கள் என்பதாவது தெரியுமா?

வளவுவீட்டு_முத்து:
தெரியும் ஐயா. படிக்காதவன் என்று நினைத்துப் பேசாதீர்கள். ஐயா காலத்து முழக்கோல் எங்கள் வீட்டுப் பரணில் இன்னும் இருக்கிறது.

பலகாரக்_கடை_மீனா:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் தேன்குழலும் சீப்புச்சீடையும் பாக்கெட் போட்டு விற்கிறேன். பாக்கெட்டின் மேல் கிராமில்தான் எடை போட வேண்டும், சட்டம் அப்படி, அது சரியும்கூட, வாங்குகிறவருக்கு வேறு எப்படித் தெரியும்? ஆனால் அடுப்படியில் இன்றைக்கும் படியும் உழக்கும்தான். நாலு படி அரிசிக்கு ஒரு படி உளுந்து என்று கை பழகியிருக்கிறது. தொடக்கத்தில் படியை இத்தனை கிராம் என்று முழுசாக்கி எழுதிவைத்தேன், அரிசிக்கும் உளுந்துக்கும் ஒரே எண். படி என்பது கொள்ளளவு, அதே படியில் அரிசி ஒரு எடை, உளுந்து ஒரு எடை, பொரி வேறு எடை. மாவு பதம் தப்பி, முறுக்கு எண்ணெயில் உதிர்ந்தது. அப்புறம் ஒவ்வொரு சாமானையும் அதே படியில் அளந்து தராசில் வைத்துத் தனித்தனியாக எழுதினேன், அன்றிலிருந்து தப்பவில்லை. எந்த அளவும் கெட்டதில்லை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிவைக்கும்போதுதான் சிந்துகிறது.

தேவகோட்டைத்_தம்பி:
ஆச்சி சொல்வதுதான் சரி.

காரைக்குடி_தச்சன்:
ஆமாம் ஆச்சி. நாங்கள் கடையில் பிளைவுட் கேட்பதே “எட்டுக்கு நாலு, பதினெட்டு எம்எம்” என்றுதான். நீளம் அகலம் அடியில், தடிமன் மில்லியில், ஒரே மூச்சில். பழைய ஆட்கள் மூணு நூல் கம்பி என்பதைக் கடையில் 10 எம்எம் என்று எடுத்துத் தருவார்கள். மூணு நூல் கணக்குப்படி 9.5 தான், ஆனால் காங்கிரீட்டுக்குள் போகிற கம்பி அரை மில்லி கூடினால் யாருக்கும் நஷ்டமில்லை.

ஒன்பது அங்குலச் சுவரை வரைபடத்தில் 230 என்று போடுகிறார்கள், உண்மையில் 228.6. அந்த 1.4 பூச்சுக்குள் போய்விடுகிறது. இப்படி முழு எண்ணாகத் தள்ளித் தள்ளியே பழகிவிட்டதால் உங்கள் தம்பிக்கும் 200 என்று எழுதும்போது உறுத்தியிருக்காது. சுவர் ஒன்றுதான், தப்பும் ஒரு தடவையோடு முடிகிறது. கல் அப்படி இல்லை, தப்பு வரிசையாகக் கூடிக்கொண்டே போகும், மூடுவதற்குப் பூச்சும் கிடையாது.

கோட்டையூர்_வாசி:
சுருங்கியதாகவும் இருக்கலாம் அல்லவா?

பள்ளத்தூர்_மேஸ்திரி:
இருக்காதுங்க. இது சூளையில் சுடுகிற ஓடு இல்லை. கண்ணாடித் தட்டில் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் சாயம் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கித் தண்ணீரில் ஊறவைப்பது. சாணகலக் கல்லுக்கு ஒரு நூல் சுருங்கினால் கல் வெடித்துவிடும். நான் மண் என்று சொன்னதும் தப்புதான், தச்சன் சொன்னதே சரி. தம்பி, கல்லுக்குக் கல் ஒரு நூல் இடைவெளி விட்டுச் சாயச் சிமெண்ட் நிரப்பினால் பூ பழைய தரையோடு சேர்ந்துவிடும், வேறு செலவு இல்லை.

வளவுவீட்டு_முத்து:
அது வேண்டாம் மேஸ்திரி. பழைய தரையில் இடுக்கே தெரியாமல் ஒட்டிப் பதித்திருப்பார்கள், தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்து ஒரே கண்ணாடியாக இருக்கும். நடுவில் மட்டும் கட்டம் கட்டமாகக் கோடு தெரிந்தால் வெள்ளை வேட்டியில் ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கும்.

காரைக்குடி_தச்சன்:
என் யோசனை இதுதான். பதித்ததைச் சாந்து இறுகுவதற்குள் மெதுவாக எடுத்துவிடுங்கள். பழைய தரையில் பெயர்த்ததில் உடையாத கல் ஒன்றைக் கழுவி, ஓரத்துச் சாந்தைச் சுரண்டி, அதைக் கையோடு பட்டறைக்கு எடுத்துப் போங்கள். எண்ணும் வேண்டாம், வாட்ஸப்பும் வேண்டாம். சட்டத்துக்குள் அந்தக் கல்லை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஆடவும் கூடாது, இடிக்கவும் கூடாது. 20 கல் கூடுதலாகச் சொல்லுங்கள். கல் தொட்டியில் ஊற வேண்டும், காய வேண்டும், அதனால் இன்றைக்கே போங்கள். தரமான இந்த 240-ஐ வீணாக்க வேண்டாம், பழைய கல் இல்லாத ஒரு அறையில் மொத்தமாகப் பதித்தால் ஒரு குறையும் தெரியாது.

ஓய்வுபெற்ற_பொறியாளர்:
கல்லைத் தூக்கிக்கொண்டு போவது கற்கால முறை. 203.2 மி.மீ. என்று அலகோடு எழுதி, கூட்டல் கழித்தல் எவ்வளவு பொறுக்கும் என்பதையும் எழுதிக் கையெழுத்து வாங்குவதுதான் முறை. அவர் அனுப்பியதில் மி.மீ. என்ற சொல்லே இல்லை, கவனித்தீர்களா?

காரைக்குடி_தச்சன்:
எழுதட்டும் ஐயா, நல்லதுதான். கல்லும் போகட்டும், தாளும் போகட்டும்.

தேவகோட்டைத்_தம்பி:
அண்ணே, பட்டறைக்குப் போனீர்களா?

தேவகோட்டைத்_தம்பி:
ஒரு வாரம் ஆயிற்று. யாருக்காவது தெரியுமா?

கானாடுகாத்தான்_வீடு:
மன்னிக்கவும், கல்யாண வேலை. கல்லையும் தாளையும் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் 12 நாள் கேட்டார், 13-ம் நாள் கல் வந்தது. வாசலில் பத்து அடுக்கி அளந்தேன், 6 அடி 8. பதித்தாயிற்று, பூ சேர்ந்துவிட்டது. முதலில் வாங்கிய 240 இரண்டாம் கட்டு அடுப்படிக்கு. தச்சன் அண்ணனுக்கு நன்றி, சாந்திக்கு எல்லாரும் வாருங்கள்.

செட்டிநாடு_மருமகள்:
இதே வேலை எங்கள் வீட்டிலும் நடக்கிறது. எங்களுடையது 10 அங்குலக் கல். பொறியாளர் கொடுத்த தாளில் 250 என்று இருக்கிறது, நேற்றுத்தான் முன்பணம் கொடுத்தோம்.

காரைக்குடி_தச்சன்:
254 அம்மா. இப்போதே பட்டறைக்குப் போன் போடுங்கள், சாயம் ஊற்றுவதற்குள்.