சர்ச்சுக்குள் பள்ளிக்கூடம்: உங்கள் ஊரில் எப்படிப் போனது?

எதிர்வீட்டுக்காரன், ஒஹாயோ

எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே ஒரு சர்ச். ஞாயிறு காலை கார்கள் நிறையும், மதியத்துக்குள் காலியாகிவிடும். மற்ற ஆறு நாளும் அந்தப் பார்க்கிங்தான் தெருப் பிள்ளைகளுக்கு மைதானம். என் பையன் சைக்கிள் பழகியதே அங்கேதான். போன வருடம் நகராட்சியிலிருந்து ஒரு தபால். அந்தக் கட்டடத்தில் தனியார் பள்ளி தொடங்க நிபந்தனை அனுமதி கேட்கிறார்கள், பொது விசாரணைக்கு வந்து கருத்துச் சொல்லலாம் என்று போட்டிருந்தது. குடியிருப்புப் பகுதியில் சர்ச் இருக்கலாமாம். வாரத்தில் ஐந்து நாள் பள்ளி என்றால் அது வேறு உபயோகமாம்.

விசாரணைக்குப் போனேன். ஆளுக்கு மூன்று நிமிடம், பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு வைத்து. பக்கத்து வீட்டுப் பெரியவர் பெரிய அட்டையில் படங்கள் ஒட்டிக்கொண்டு வந்திருந்தார். கிறிஸ்துமஸ் ஆராதனை அன்று அவருடைய டிரைவ்வேயை மறித்து நின்ற கார். ஒரே கார்தான், நான்கு கோணத்தில். சிவப்பு விளக்கு எரிந்த பிறகும் மனிதர் நான்காவது படத்தை இறக்கவில்லை. பள்ளி கூடாது என்று அங்கே யாருமே சொல்லவில்லை. "நல்ல விஷயம்தான், ஆனால்..." என்றுதான் ஒவ்வொருவரும் ஆரம்பித்தார்கள்.

எதிர்ப்பு மனுவில் நானும் கையெழுத்துப் போட்டேன். அந்த வாரமே சனிக்கிழமை பையனைத் தமிழ்ப் பள்ளியில் விட்டேன். அதுவும் வேறொரு சர்ச்சின் அடித்தளத்தில்தான் நடக்கிறது. வீட்டுக்காரி கேட்ட கேள்வியை இங்கே எழுத மாட்டேன்.

சிவில்காரர், டெக்சாஸ்

போக்குவரத்து ஆய்வுதான் என் வேலை. இந்த மாதிரி விண்ணப்பங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். சண்டை முழுக்க காலையில் ஒரு இருபது நிமிடம், பிற்பகலில் ஒரு இருபது நிமிடம், அவ்வளவுதான். காலையில்கூடப் பிள்ளையை இறக்கிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். பிற்பகலில்தான் மணி அடிப்பதற்கு முன்பே வந்து வரிசையில் உட்கார்ந்துகொள்வார்கள். ஒரு காருக்கு இடைவெளியோடு 25 அடி வைத்துக்கொள்ளுங்கள். 40 கார் என்றால் 1,000 அடி. சர்ச்சின் வளாகத்துக்குள் 1,000 அடி வளைய இடமில்லை என்றால் வால் தெருவில்தான் நிற்கும். சர்ச் கட்டியவர்கள் கார் நிறுத்த இடம் போட்டார்கள், ஊர்ந்து போக யாரும் வழி போடவில்லை.

அதனால் நான் முதலில் கேட்பது மாணவர் எண்ணிக்கைக்கு ஒரு உச்சவரம்பு, அப்புறம் சின்ன வகுப்புகளுக்கும் பெரிய வகுப்புகளுக்கும் வேறு வேறு நேரம். இரண்டையும் எழுத்தில் தரச் சம்மதித்தால் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும். அண்ணே, உங்கள் பெரியவர் மட்டும் அடங்க மாட்டார் என்று தோன்றுகிறது.

ஒரு அம்மா

நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவள். எங்கள் சின்னப் பள்ளி ஒரு சர்ச்சில் வாடகைக்கு இடம் பிடித்தது. சோனிங் அனுமதி, அதாவது எந்த இடத்தில் எது நடக்கலாம் என்ற நகராட்சி விதிப்படியான அனுமதி, கிடைத்ததும் கேக் வெட்டினோம். அவசரப்பட்டுவிட்டோம். அடுத்து வந்தவர் தீயணைப்பு ஆய்வாளர். ஞாயிறு வகுப்பு நடந்த அதே அறைதான், அதே நாற்காலிதான். ஆனால் கட்டட விதியில் சர்ச் "கூட்டம் கூடும் இடம்", முழு நேரப் பள்ளி "கல்வி". வகை மாறினால் இன்றைய விதி பொருந்துமாம். பல மாநிலங்கள் எடுத்துக்கொண்டிருக்கும் மாதிரி விதிப்படி, தீத்தடுப்புச் சுவர் இல்லாமல் 12,000 சதுர அடிக்கு மேல் போனால் பள்ளிக்கு ஸ்பிரிங்க்ளர் கட்டாயம், அதாவது தீப்பிடித்தால் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கும் அமைப்பு. பழைய கட்டடத்தில் கூரையைப் பிரித்துக் குழாய் போட என்ன செலவு என்று கேட்டதும் எங்கள் பொருளாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு கல்வியாண்டே தள்ளிப் போனது. குத்தகையில் கையெழுத்துப் போடும் முன் அந்த ஆய்வாளரைக் கூட்டிவந்து காட்டுங்கள். இதைச் சொல்லத்தான் வந்தேன்.

சட்டம் படிப்பவன்

மத அமைப்புகளைச் சோனிங் கெடுபிடியிலிருந்து காக்க 2000-ல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது, சுருக்கமாக ஆர்லூபா என்பார்கள். அதைக் காட்டினாலே நகராட்சி பயந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நியூயார்க் மாநிலம் மாமரோனெக்கில் ஒரு யூதப் பள்ளியின் விரிவாக்கத்தைப் போக்குவரத்து, பார்க்கிங் என்று சொல்லி மறுத்தார்கள். அந்தக் காரணங்களுக்குச் சரியான ஆதாரம் இல்லை என்று 2007-ல் மேல்முறையீட்டிலும் பள்ளியே ஜெயித்தது. ஒஹாயோவின் அப்பர் ஆர்லிங்டனில் கதை தலைகீழ். ட்ரீ ஆஃப் லைஃப் என்ற கிறிஸ்தவப் பள்ளி 2010-ல் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தை வாங்கியது. அது அலுவலகப் பகுதி, நகரத்துக்கு வருமான வரி வரும் இடம், பள்ளி கூடாது என்றது நகரம். 2018-ல் மேல்முறையீட்டிலும் பள்ளி தோற்றது. உங்கள் எதிர்வீட்டுப் பள்ளி மதம் சொல்லித் தராத பள்ளி என்றால் இந்தச் சட்டம் கைகொடுப்பதே கஷ்டம்.

எதிர்வீட்டுக்காரன், ஒஹாயோ

முடிவைச் சொல்ல மறந்துவிட்டேன். 60 பிள்ளைகளுக்கு மேல் கூடாது, வெளியேறும்போது வலப்பக்கம் மட்டுமே திரும்ப வேண்டும் என்று நிபந்தனை போட்டு அனுமதி கொடுத்துவிட்டார்கள். இப்போது காலையில் ஆரஞ்சுக் கூம்புகள் வரிசையாக நிற்கின்றன. பெரியவர் தினமும் காபியோடு வாசலில் நின்று காரை எண்ணுகிறார். போன வாரம் 41 என்றார். கூடுதலா குறைவா என்று கேட்டேன், பதில் இல்லை.

தமிழ்ப் பள்ளி வாசலில் போன சனிக்கிழமை ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் இருந்து, டிரைவ்வேயை மறிக்க வேண்டாம் என்று. எழுத்து ரொம்ப மரியாதையாக இருந்தது. நான் வண்டியை எடுத்துத் தள்ளி நிறுத்தினேன்.