ஓசிடி இருப்பவர் தினமும் கஞ்சா புகைக்கிறார்: எதை முதலில் கேட்பது?

கெடிலக்கரை (கடலூர்):
வணக்கம். கவுன்சலிங் வருபவருக்கு ஓசிடி (வேண்டாத எண்ணம் துரத்த, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநலப் பிரச்சினை). அழுக்குப் பயம், கூடவே பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பது. ஓசிடிக்கான மாத்திரை செர்ட்ராலின் 100 மி.கி., ஆறு வாரமாக. ராத்திரியில் கஞ்சாவை சிகரெட் தூளோடு கலந்து புகைக்கிறார். "அது இல்லேன்னா பாத்ரூமை விட்டு வெளியே வர முடியல" என்கிறார். நிறுத்தினால் ஓசிடி கூடிவிடுமா? வீட்டில் யாருக்கும் தெரியாது.

கோரிமேடு:
எவ்வளவு என்பதைவிட எப்போது என்று கேளுங்க. கழுவுவதற்கு முன்னாலா, கழுவி முடியாமல் தவிக்கும்போதா, தூங்கவா? ரெண்டு வாரம் நோட்டில் எழுதச் சொல்லுங்க: நேரம், எத்தனை இழுப்பு, கழுவணும்கிற உந்துதல் பத்துக்கு எவ்வளவு; அரை மணியில் எவ்வளவு, மறுநாள் காலை எவ்வளவு. அரை மணியில் இறங்கி காலையில் பழைய இடத்துக்கே வந்திருந்தால், கஞ்சாவும் இன்னொரு சடங்காகிவிட்டது.

2021ல் வந்த ஒரு ஆய்வில் 87 பேர் செயலியில் தாங்களே மதிப்பெண் போட்டார்கள். புகைத்ததும் கட்டாயச் செயல் (கழுவுவது, சரிபார்ப்பது மாதிரி) சுமார் 60 சதவீதம் குறைந்ததாகப் பதிவு. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க போலி மருந்து இல்லை. வேண்டாத எண்ணங்கள் குறையும் அளவும் போகப்போகச் சுருங்கியது. போலிக் கஞ்சாவோடு ஒப்பிட்ட 2020 சோதனை மிகச் சிறியது. அதில் ஓசிடி பெரிதாகக் குறையவில்லை, பதற்றம் போலியில்தான் அதிகம் இறங்கியது.

சில்வர்பீச்:
பூட்டு விஷயத்தைத் தனியாகப் பாருங்க. கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி உடனடி ஞாபகத்தைக் கெடுக்கும். பூட்டினது மனசில் பதியலைன்னா சந்தேகம் வளரும், இன்னும் நாலு தடவை இழுப்பார்.

இஆர்பி பயிற்சியை (பயப்படுவதை எதிர்கொண்டு, கழுவுவது மாதிரியான சடங்கைச் செய்யாமல் இருப்பது) போதையில் செய்ய விடாதீங்க. பாண்டி பஸ் கம்பியைப் பிடித்துவிட்டு கை கழுவாமல் உட்காருகிறார் என்றால், பதற்றம் ஏறி தானாக இறங்குவதை அவரே பார்க்கணும். நடுவில் புகைத்தால், பதற்றம் இறங்கியதற்கான பெயர் கஞ்சாவுக்குப் போய்விடும். பயிற்சி காலையில் இருக்கட்டும்.

கோரிமேடு:
நிறுத்தினதும் ஓரிரு நாளில் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, மிரட்டும் கனவுகள் வரும். முதல் வாரம்தான் உச்சம், பெரும்பாலும் ரெண்டு வாரத்தில் தணியும். இதைத்தான் பலர் "ஓசிடி கூடிடுச்சு"ன்னு நினைத்துத் திரும்பப் புகைப்பது. தூளும் கலப்பதால் நிக்கோடின் ஏக்கமும் சேரும். அதனால் முதல் இழுப்பைத் தள்ளிப்போட்டு, வாராவாரம் அளவைக் குறைப்பது சுலபம்.

மாத்திரை பலிக்கலைன்னு இப்பவே முடிவு கட்டாதீங்க. ஓசிடிக்கு 8 முதல் 12 வாரம் வேணும், டாக்டர் 200 மி.கி. வரை ஏற்றலாம். குளோமிப்ரமின் என்ற இன்னொரு ஓசிடி மருந்துக்கு மாற்றினால் டாக்டரிடம் கட்டாயம் புகை விஷயத்தைச் சொல்லணும். புகை அதன் ரத்த அளவைக் குறைக்கும், திடீர்னு விட்டால் அளவு ஏறும்.

புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் மனநல ஓபி இருக்கு, கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும் பார்க்கலாம். போலீஸ் பயம் இருந்தால் போதைப்பொருள் தடுப்புக்கான என்டிபிஎஸ் சட்டத்தின் 64ஏ பிரிவைச் சொல்லுங்க: தானாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுப்பவருக்கு, உபயோகித்ததற்கும் சிறு அளவுக்கும் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. பாதியில் விட்டால் அது போகலாம்.

கெடிலக்கரை:
நன்றிங்க. அம்மாவிடம் சொல்லணுமா?

சில்வர்பீச்:
அவர் சம்மதம் இல்லாமல் வேண்டாம். அம்மாவிடம் கேட்க வேண்டியது வேற: அவருக்காகப் பூட்டைச் சரிபார்த்துச் சொல்வது, தனி சோப்பு வாங்கித் தருவது. அதை இந்த வாரமே குறைக்கச் சொல்லுங்க.