40 லிட்டர் கடல்நீர்த் தொட்டி: தண்ணீரை மாற்றுவதா, சும்மா விடுவதா?

கோமாளி_ரெண்டு:
வணக்கம். 40 லிட்டர் தொட்டி, ஆறு மாதமாக ஓடுகிறது. கோமாளி மீன் இரண்டு, ஒரு ஹேமர் பவளம், நாலைந்து நத்தை. மாதம் ஒருமுறை பாதித் தண்ணீரை, அதாவது 20 லிட்டரை, எடுத்துவிட்டுப் புதிதாக உப்பு கலந்து ஊற்றுகிறேன். கழிவிலிருந்து சேரும் நைட்ரேட் 40ஐத் தொடும், மாற்றியதும் 15க்கு இறங்கிவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஹேமர் இரண்டு மூன்று நாள் சுருங்கிக் கிடக்கிறது. ஓட்டின் வெள்ளை விளிம்பு வெளியே தெரிகிற அளவுக்கு உள்ளே போய்விடுகிறது. வாரா வாரம் மாற்று என்கிறார் ஒருவர், மாற்றவே மாற்றாதே என்கிறார் இன்னொருவர். என்னதான் செய்வது?

வாளியும்_குழாயும்:
வாரா வாரம் 4 லிட்டர். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. சின்னத் தொட்டியின் ஒரே வசதியே அதுதான்: ஒரு வாளி, ஒரு குழாய், கால் மணி நேரம். மணலில் தங்கிய கழிவையும் அப்படியே உறிஞ்சி எடுத்துவிடலாம்.

சும்மா_விடு:
நான்தான் அந்த இன்னொருவர் கட்சி. 60 லிட்டர் தொட்டி, எட்டு மாதமாக ஒரு சொட்டு மாற்றவில்லை. தொட்டியின் பின்னறையில் கீட்டோ பாசி வளர்க்கிறேன், நைட்ரேட் 5 தாண்டுவதில்லை. பாசியைக் கைப்பிடி கைப்பிடியாகப் பிய்த்துப் போடுகிறேன், அதோடு நைட்ரேட்டும் வெளியே போகிறது. பவளம் ஓடு கட்ட எடுத்துக்கொள்ளும் கால்சியமும் ஆல்கலினிட்டியும் (கார்பனேட்) தினமும் அளந்து ஊற்றுகிறேன்.

முன்பு நானும் வாளி தூக்கியவன்தான். உப்பை அளக்கும் ஹைட்ரோமீட்டர் முள்ளில் ஒரு காற்றுக்குமிழ் ஒட்டியிருந்ததைக் கவனிக்கவில்லை. குமிழ் முள்ளைத் தூக்கிக் காட்டியது, நானும் உப்பு போதும் என்று நிறுத்திவிட்டேன். உண்மையில் அடர்த்தி 1.020தான், உப்பு குறைவு. மறுநாள் காலையில் பாதிப் பவளம் மூடிக் கிடந்தது. தொட்டி அது பாட்டுக்கு நன்றாக இருந்தது, அதைக் கெடுத்தது என் வாளி.

வாளியும்_குழாயும்:
குமிழைத் தட்டிவிடாதது உங்கள் தப்பு. பழியைத் தண்ணீர் மேல் போடுகிறீர்களே! ஒளியை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள், அதையும் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கரைசலில் வைத்துச் சரிபாருங்கள். உப்பு நீக்கிய வெறும் ஆர்ஓ தண்ணீரில் பூஜ்ஜியம் காட்டினால் போதும் என்று விட்டுவிடாதீர்கள்.

சும்மா_விடு:
சரி, தப்பு என்னுடையது. இப்போது உங்கள் 4 லிட்டருக்கு வருவோம். இவர் தொட்டியில் நைட்ரேட் மாதம் 25 ஏறுகிறது, வாரத்துக்கு ஆறு என்று வையுங்கள். வாரம் எட்டில் ஒரு பங்கு மாற்றினால், ஏறுவதும் இறங்குவதும் சமமாகிற இடம் ஆறு பெருக்கல் எட்டு, 48. இப்போது இருப்பதைவிட மோசம்! இதற்கா வாரா வாரம் முதுகு வலிக்கக் குனிவது?

வாளியும்_குழாயும்:
எட்டில் ஒரு பங்கா? 40ல் 4 என்றால் பத்தில் ஒரு பங்கு.

உப்பளம்:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். சும்மா_விடு சொல்லும் எட்டில் ஒரு பங்குதான் சரி. பாதி மாற்றினால் நைட்ரேட் 40லிருந்து 20க்கு வர வேண்டும். இவருக்கு 15க்கு வருகிறது. டெஸ்ட் கிட்டின் நிறத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்வதில் கொஞ்சம் முன்பின் இருக்கும், ஆனாலும் கணக்கு ஒத்துப்போகிறது: கல்லும் மணலும் இடத்தை அடைத்துக்கொண்டது போக உள்ளே 32 லிட்டர்தான் இருக்கிறது. 32ல் 20 என்றால் அறுபது சதவீதத்துக்கு மேல். கோமாளி, பாதி என்று நினைத்துக்கொண்டு மூன்றில் இரண்டு பங்கை நெருங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஒரு வேலை செய்யுங்கள். தொட்டியின் ஆல்கலினிட்டியை அளக்கிறீர்கள் அல்லவா? வாளித் தண்ணீரை என்றைக்காவது அளந்ததுண்டா?

கோமாளி_ரெண்டு:
இல்லை அண்ணா. உப்பின் அளவும் வெப்பமும் மட்டும்தான் பார்ப்பேன். புதுசுதானே, சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். இன்று இரவு கலந்து வைத்து நாளை அளக்கிறேன்.

வாளியும்_குழாயும்:
அதற்குள் சும்மா_விடுவுக்கு ஒரு கேள்வி. தினமும் ஊற்றுவது கால்சியம் குளோரைடும் சோடியம் பைகார்பனேட்டும்தானே? பவளம் கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துக்கொள்ளும். மிச்சம் சோடியமும் குளோரைடும். சமையல் உப்பு! எட்டு மாதமாக அது எங்கே போகிறது?

சும்மா_விடு:
உப்பு ஏறினால் ஒரு கப் எடுத்துவிட்டு ஆர்ஓ தண்ணீர் விடுகிறேன்.

வாளியும்_குழாயும்:
ஒரு கப் எடுத்துவிட்டு... ஒரு சொட்டுக்கூட மாற்றவில்லை என்றீர்கள்.

சும்மா_விடு:
அது மாற்றுவது ஆகாது சகோ, சரிசெய்வது. 😄 ஆனால் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அப்படி எடுக்கும்போது மக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் கூடவே குறையும். மக்னீசியத்தை அளக்கிறேன், மற்றதை அளப்பதில்லை.

கோமாளி_ரெண்டு:
அளந்துவிட்டேன். ஆல்கலினிட்டி தொட்டியில் 7.4 டிகேஎச் (அதை அளக்கும் அலகு), வாளியில் 11.2. நம்பாமல் இரண்டு முறை பார்த்தேன்.

உப்பளம்:
அதுதான் உங்கள் ஹேமரின் கோபம். 20 லிட்டர் ஊற்றியதும் 7.4 ஒரே மூச்சில் 9.8க்குப் போகிறது. இயற்கைக் கடல்நீர் 7 சுமாருக்கு இருக்கும். சில உப்புகளில் வேண்டுமென்றே கூட்டி வைத்திருப்பார்கள், பவளம் நிறைந்த தொட்டிக்கு அது உதவும். உங்களிடம் இருப்பது ஒரே ஒரு ஹேமர். 4 லிட்டர் ஊற்றினால் 7.9தான் வரும், அதற்குத் தெரியக்கூடத் தெரியாது.

சும்மா_விடு:
ஆக வாளிதான் குற்றவாளி. நான் முதலிலேயே சொன்னேன்.

வாளியும்_குழாயும்:
பெரிய வாளி! நான் சின்ன வாளி என்று சொன்னேன். 48 கணக்கை மட்டும் ஒப்புக்கொள்கிறேன், வாரம் ஒருமுறை 4 லிட்டர் போதாது. வாரம் இருமுறை என்று வையுங்கள், உச்சம் 25 பக்கம் நிற்கும். இன்னொன்று, கோமாளி, தீனி எவ்வளவு?

கோமாளி_ரெண்டு:
காலை, மதியம், இரவு. உறைந்த தீனி ஒரு கட்டி, உருகிய தண்ணீரோடு அப்படியே.

சும்மா_விடு:
இரண்டு மீனுக்கு மூன்று வேளை விருந்தா! வடிகட்டிவிட்டுக் கால் கட்டி போடுங்கள், ஒரு வேளை போதும். இதில் வாளிக்காரரும் என் பக்கம்தான் இருப்பார்.

வாளியும்_குழாயும்:
இதில் மட்டும்.

கோமாளி_ரெண்டு:
சரி, தீனியைக் குறைத்துவிட்டு வாரம் இருமுறை 4 லிட்டர் பார்க்கிறேன். உப்பு மூட்டை இன்னும் பாதி இருக்கிறது, அது தீர்ந்ததும் ஆல்கலினிட்டி குறைந்ததாக வாங்குகிறேன். அப்புறம், நடுவில் ஆவியாகிக் குறைவதற்கு உப்புத் தண்ணீர் ஊற்றலாமா?

உப்பளம்:
கூடாது! ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே இருக்கிறது. வெறும் ஆர்ஓ தண்ணீர்தான் விட வேண்டும். கண்ணாடியில் பேனாவால் ஒரு கோடு போட்டு, தினமும் அந்தக் கோடு வரை நிரப்புங்கள்.