பழைய பிக்கப்: ஹெட்லைட் போட்டால் ஹீட் முள் ஏறுகிறது. இன்ஜின் சூடா, மீட்டர் பொய்யா?

பழைய_பிக்கப்:
கார்புரேட்டர் பெட்ரோல் இன்ஜின். மீட்டரில் டிகிரி எண் கிடையாது. சி (குளிர்), ஹெச் (சூடு), நடுவில் ஒரு கோடு, அவ்வளவுதான். பகலில் ஓடும்போது முள் பாதிக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. இரவு நெரிசலில் முக்கால் தாண்டி ஹெச் பக்கம் போகிறது. கூலன்ட் குறையவில்லை, ஆவியும் இல்லை. 82 டிகிரி தெர்மோஸ்டாட் (கூலன்ட் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு) புதிதாகப் போட்டாகிவிட்டது. அடுத்து ரேடியேட்டரைக் கழற்றவா?

ஓம்மீட்டர்:
கழற்றாதீங்க. முள் காட்டுவது நேரடியாக வெப்பத்தை இல்லை. கூலன்ட்டில் முங்கியிருக்கும் சென்சார் வழியாக எர்த்துக்கு (பேட்டரி மைனஸோடு சேர்ந்த இன்ஜின், பாடி இரும்பு) போகும் கரன்ட்டை. சூடு ஏற ஏற சென்சாரின் ஓம் (மின்தடை) குறையும், கரன்ட் கூடும், முள் ஏறும். வழியில் எங்கே கோளாறு வந்தாலும் முள் மாற்றித்தான் காட்டும்.

முதலில் இதைப் பாருங்க. ஐடிலில் நிற்கும்போது ஹெட்லைட்டும் ப்ளோயரும் போடுங்க. முள் உடனே குதித்தால் அது எலக்ட்ரிக்கல். பத்து லிட்டர் தண்ணீர் ஒரு நொடியில் சூடாகாது. பெட்ரோல் முள்ளும் கூடவே அசைகிறதா என்றும் கவனிங்க.

அடுத்து சென்சார் வயர். ஒற்றை வயர் உள்ளதுதான் மீட்டருக்கு; இரண்டு வயர் இருந்தால் அது பெரும்பாலும் வேறு வேலைக்கு. சாவி ஆனில் வயரை உருவினால் முள் சி-க்கு விழணும். அதே வயரை இன்ஜின் பிளாக்கில் இரண்டு நொடி தொட்டால் ஹெச் பக்கம் நகரணும். அதற்கு மேல் பிடித்து வைக்காதீங்க, மீட்டர் கருகும். சில வண்டிகளில் இது தலைகீழ், அதனால் வயரிங் படத்தை ஒருமுறை பார்த்துவிடுங்க.

எர்த்வயர்:
நிஜ வெப்பத்தையும் அளங்க அண்ணே. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை தெர்மோஸ்டாட் மூடியில் காட்டணும். பளபள அலுமினியம் குறைத்துக் காட்டும். ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன் மேல் அளங்க. 82 தெர்மோஸ்டாட் 82-ல் திறக்கத் தொடங்கும், முழுக்கத் திறக்க இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி வேணும். அதனால் நெரிசலில் 95 வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. பாதிக்குப் பாதி கூலன்ட் கலவை திறந்த பாத்திரத்திலேயே 106 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடியின் அழுத்தம் அதை இன்னும் மேலே தள்ளும்.

பழைய_பிக்கப்:
லைட் போட்டதும் முள் குதிக்கிறது, பெட்ரோல் முள்ளும் கொஞ்சம். டேப் மேல் அளந்தால் ஓட்டி நிறுத்தியதும் 84, பத்து நிமிட ஐடிலில் 95. வயர் சோதனை சரியாக வந்தது.

எர்த்வயர்:
அப்போ இன்ஜின் நல்லா இருக்கு. இரண்டு முள்ளும் சேர்ந்து ஆடினால் பொது எர்த் அல்லது மீட்டருக்கான வோல்டேஜ் ரெகுலேட்டர் (மீட்டருக்குப் போகும் வோல்ட்டை ஒரே அளவில் வைப்பது). ரெகுலேட்டர் ஒட்டிக்கொண்டால் லைட் போட்டாலும் போடாவிட்டாலும் இரண்டு முள்ளும் மேலேயே நிற்கும். உங்களுக்கு அப்படி இல்லை, எர்த்தில் தேடுங்க.

மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, இன்ஜின் ஓட, லைட்டும் ப்ளோயரும் ஆனில் இருக்க, ஒரு முனையை இன்ஜின் பிளாக்கில், இன்னொன்றை டாஷ்போர்டு அடியில் பெயின்ட் இல்லாத இரும்பில் வையுங்க. 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டைதான் குற்றவாளி. லைட் கரன்ட் அந்தப் பட்டை வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்கு (இன்ஜினில் மாட்டிய ஜெனரேட்டர்) திரும்புது. துரு வந்தால் பாடிக்கும் பிளாக்குக்கும் நடுவே வோல்ட் நிற்கும், அதை மீட்டர் சூடாக எடுத்துக்கொள்ளும்.

பழைய_பிக்கப்:
0.6 வந்தது! பட்டையின் போல்ட் பச்சைப் பிடித்திருந்தது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நட்சத்திர வாஷர் போட்டு முறுக்கினேன். இப்போது 0.05. லைட் போட்டால் முள் அசையவில்லை, ஐடிலில் பாதிக்குச் சற்று மேலே நிற்கிறது. நடுக்கோடு எத்தனை டிகிரி என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?

ஓம்மீட்டர்:
உண்டு, கொஞ்சம் பொறுமை வேணும். இன்ஜின் ஆறிய பிறகு சென்சாரைக் கழற்றி, மரையும் நுனியும் மட்டும் தண்ணீரில் இருக்கும்படி பாத்திரத்தில் தொங்கவிடுங்க, அடியைத் தொடக்கூடாது. சூடேற்றி 60, 80, 90 டிகிரியிலும், கொதிக்கும்போதும் சென்சாரின் வயர் மாட்டும் முனைக்கும் உடம்புக்கும் நடுவே ஓம் அளந்து எழுதிக்கொள்ளுங்க. பிறகு அந்த ஓமுக்குக் கிட்டத்தட்ட வரும் 5 வாட் ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாக சென்சார் வயருக்கும் பிளாக்குக்கும் நடுவே வைத்தால் முள் நிற்கும் இடம்தான் அந்த டிகிரி. முள் மெதுவாக நகரும், ஒரு நிமிடம் விடுங்க. கால் வாட் ரெசிஸ்டர் வேண்டாம், புகையும்.

திரும்ப மாட்டும்போது மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றிக் குவிக்காதீங்க. சென்சாருக்கு எர்த் அந்த மரை வழியாகத்தான், டேப் அதைத் தடுத்தால் முள் குறைத்துக் காட்டும்.

எர்த்வயர்:
ஒன்று விட்டுப்போச்சு. ஓடிக்கொண்டிருக்கும்போது ஏறியிருந்த முள் திடீரென சி-க்கு விழுந்தால் ஆறிவிட்டது என்று நினைக்காதீங்க. கூலன்ட் வடிந்து சென்சார் காற்றில் தொங்கினாலும் முள் இப்படித்தான் விழும். ஹீட்டரும் கூடவே குளிர்க்காற்று ஊதினால் சந்தேகமே வேண்டாம், ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்க. ரேடியேட்டர் மூடியைத் தொடுவது மேல் ஹோஸ் கையால் பிடிக்கும் அளவு ஆறிய பிறகுதான்.