வட மாசிடோனியா: வேலைவாய்ப்புக் கொள்கையைச் சீர்செய்ய எங்கிருந்து தொடங்குவது?

குறிஞ்சிவாணன் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. வட மாசிடோனியாவின் வேலைவாய்ப்புக் கொள்கை குறித்து ஒரு பரிந்துரைக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். 2005இலேயே ஐரோப்பிய ஒன்றியத்தின் வேட்பாளர் நாடு ஆனது. சேர்க்கைப் பேச்சுவார்த்தைக்கான முதல் கூட்டம் 2022 ஜூலையில்தான் நடந்தது. அந்தப் பேச்சுவார்த்தையில் சமூகக் கொள்கை, வேலைவாய்ப்பு பற்றிய 19ஆம் அத்தியாயத்துக்காகச் சட்டங்களை ஒப்பிடும் பகுதியை வேறொருவர் பார்க்கிறார். நான் சிக்கி நிற்பது இரண்டு இடங்களில்.

ஒன்று: 2005இல் 37 சதவீதமாக இருந்த வேலையின்மை 2023இல் 13 சதவீதத்துக்கு வந்துவிட்டது. இதைக் கொள்கையின் வெற்றி என்று எழுதலாமா?

இரண்டு: ஊதிய மானியம், பயிற்சி, சுயதொழில் நிதி எல்லாம் அரசின் ஆண்டுச் செயல்திட்டத்தில் தவறாமல் இடம்பெறுகின்றன. எதை விரிவாக்கலாம், எதைக் குறைக்கலாம் என்று எதை வைத்து முடிவு செய்வது?

தரவுத்தச்சன்

முதல் கேள்விக்கு: அப்படி எழுதாதீர்கள். 2002 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 20.2 லட்சம் பேர், 2021இல் 18.4 லட்சம். வேலை கிடைக்காமல் வெளிநாடு போனவரும் வேலையின்மைக் கணக்கிலிருந்து நீங்கிவிடுகிறார். அந்த விகிதத்தைத் தனியாகக் காட்டாமல், வேலை செய்யும் வயதினரில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்ற விகிதத்தையும் பக்கத்திலேயே வையுங்கள். ஆண், பெண் பிரித்து வையுங்கள். வேலை தேடுவதையே விட்டுவிட்ட பெண்கள் முதல் விகிதத்தில் தென்படவே மாட்டார்கள். வேலையின்மை விகிதம் வீடுகளில் மாதிரி எடுத்து நடத்தும் தொழிலாளர் ஆய்விலிருந்து வருகிறது. 2021 கணக்கெடுப்புக்குப் பிறகு அந்த மாதிரியை நாடு முழுமைக்கும் விரிக்கும் எடைகளும் மாறின. பழைய வரிசையையும் புதியதையும் ஒரே கோடாக இணைத்து வரைபடம் போட்டால் தவறாகிவிடும்.

இந்த ஆய்வு எண்ணையும், அரசின் வேலைவாய்ப்பு முகமை வைத்திருக்கும் பதிவேட்டு எண்ணையும் கலந்துவிடாதீர்கள். ஆய்வில் ஒருவர் வேலையற்றவர் ஆக மூன்று நிபந்தனைகள்: அந்த வாரத்தில் ஒரு மணி நேரம்கூட வேலை செய்திருக்கக் கூடாது, கடந்த நான்கு வாரத்தில் வேலை தேடியிருக்க வேண்டும், இரண்டு வாரத்துக்குள் வேலையில் சேரத் தயாராக இருக்க வேண்டும். பதிவேட்டில் இருக்கப் பெயர் கொடுத்தால் போதும். நீண்ட காலம் மருத்துவக் காப்பீட்டுக்காகவே பலர் பெயர் கொடுத்தார்கள். அதனால்தான் பின்னர் முகமை பதிவேட்டை வேலை தேடுவோர், மற்றவர்கள் என்று இரண்டாகப் பிரித்தது.

இலக்கு வைக்க ஆய்வு எண். ஊழியர் எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கிடப் பதிவேட்டு எண். முகமைக்கு 30 உள்ளூர் மையங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் வேலை தேடுவோர் எண்ணிக்கையை, நேரடியாக ஆலோசனை தரும் ஊழியர் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். மொத்த ஊழியர் எண்ணிக்கையால் வகுத்தால் கோப்பு பார்ப்பவர்களும் சேர்ந்துகொண்டு சுமை குறைவாகத் தெரியும். நாட்டுச் சராசரியும் உதவாது, தலைநகர் ஸ்கோப்யேயின் நெரிசலை அது மறைத்துவிடும்.

வேலைச்சந்தை

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 'இத்தனை பேர் பயன்பெற்றனர்' என்ற எண்ணை வைத்து எந்தத் திட்டத்தையும் எடை போட முடியாது. ஊதிய மானியத்தில் பணம் வீணாவது இரண்டு வழியில். மானியம் இல்லாவிட்டாலும் அந்த நிறுவனம் அதே ஆளைத்தான் எடுத்திருக்கும் என்பது ஒன்று. பழைய ஆளை அனுப்பிவிட்டு, மானியத்தோடு வரும் புது ஆளை அந்த இடத்தில் வைப்பது இன்னொன்று.

இரண்டாவதைத் தடுக்க, விண்ணப்பத்துக்கு முந்தைய மாதங்களில் ஆள்குறைப்பு நடக்கவில்லை என்று நிபந்தனை போடலாம்; மானியம் முடிந்த பிறகும் குறிப்பிட்ட காலம் அந்த ஆளை வேலையில் வைத்திருக்க வேண்டும் என்று சேர்க்கலாம். முழுத் தொகையையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டுப் பிறகு திரும்பக் கேட்டால் நீதிமன்றத்தில்தான் போய் நிற்கும். கடைசித் தவணையை நிறுத்தி வைத்து, கட்டாயக் காலம் முடிந்ததும் கொடுப்பதே நடைமுறைக்கு ஒத்து வரும்.

முதல் வகை வீண்செலவு எந்த நிபந்தனைக்கும் மசியாது. யாருக்கு மானியம் என்பதைக் குறுக்கினால்தான் குறையும்: ஓராண்டுக்கு மேல் வேலையில்லாதவர், பள்ளிப் படிப்பை முடிக்காதவர், குறைந்தபட்ச உதவித்தொகை பெறும் குடும்பத்தவர். 'இளைஞர் யாராயினும்' என்று திறந்துவிட்டால் பட்டதாரிகளே முழுவதையும் எடுத்துக்கொள்வார்கள்.

சரிபார்க்கத் தனிக் கணக்கெடுப்பு தேவையில்லை. வேலையில் சேரும்போது எம்1, விலகும்போது எம்2 என்று முதலாளிகள் தாக்கல் செய்யும் படிவங்கள் வேலைவாய்ப்பு முகமைக்குத்தான் வருகின்றன. மானியத்தில் சேர்ந்தவர்களின் எம்2 தேதிகளை மாதவாரியாக அடுக்குங்கள். கட்டாயக் காலம் முடிந்த அடுத்த மாதத்தில் மட்டும் விலகல்கள் குவிந்திருந்தால், மானியம் வேலையை உருவாக்கவில்லை, வாடகைக்கு எடுத்திருக்கிறது. பிறகு வயது, கல்வி, ஊர், வேலையில்லாமல் இருந்த காலம் எல்லாம் பொருந்திய, ஆனால் எந்தத் திட்டத்திலும் சேராத ஒரு குழுவை அதே பதிவேட்டிலிருந்து எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டு குழுவிலும் 12ஆம் மாதத்திலும் 18ஆம் மாதத்திலும் வேலையில் இருப்போர் எத்தனை சதவீதம்? அந்த வித்தியாசம்தான் திட்டத்தின் பலன். விரிப்பதா குறைப்பதா என்பதை அதுவே சொல்லும்.

அகரமுதல்வி

இளையோர் உத்தரவாதத் திட்டத்தை விட்டுவிடாதீர்கள். மேற்கு பால்கனில் இதை முதலில் தொடங்கியது இந்த நாடுதான். 2018இல் ஸ்கோப்யே, கோஸ்திவார், ஸ்த்ரூமிட்சா ஆகிய இடங்களில் முன்னோட்டம், 2019இல் நாடு முழுவதும். 29 வயது வரை உள்ளவர் பதிவு செய்த நான்கு மாதத்துக்குள் வேலை, படிப்பு, பயிற்சி ஆகியவற்றில் ஒன்று கிடைக்க வேண்டும்.

ஓட்டை 'பதிவு செய்த' என்ற இடத்தில்தான். கடிகாரம் அங்கிருந்துதான் ஓடுகிறது. பதிவே செய்யாத ரோமா சிறுபான்மை இன இளைஞர், குழந்தையைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருக்கும் கிராமத்துப் பெண் ஆகியோருக்கு அது தொடங்குவதே இல்லை. தேடிப் போய்ச் சேர்க்கும் களப்பணியாளர்கள் திட்டநிதியில் வேலை செய்தால், நிதி முடிந்ததும் அவர்களும் போய்விடுவார்கள். அந்தப் பணியிடங்களை முகமையின் நிரந்தரப் பட்டியலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணுக்குக் குழந்தைக் காப்பக இடம் இல்லாமல் பயிற்சி மட்டும் கொடுத்தால் இரண்டாவது வாரமே நின்றுவிடுவார்.

இன்னொன்று. 2024இல் புதிய அரசு வந்தபோது பழைய தொழிலாளர், சமூகக் கொள்கை அமைச்சகம் பிரிக்கப்பட்டது. வேலைவாய்ப்பு முகமை பொருளாதார, தொழிலாளர் அமைச்சகத்தின் பக்கம். உதவித்தொகையைக் கவனிக்கும் சமூகப் பணி மையங்கள் சமூகக் கொள்கை, மக்கள்தொகை, இளைஞர் அமைச்சகத்தின் பக்கம். உதவித்தொகை பெறுபவரை வேலைக்குத் தயாராக்கும் தனிநபர் திட்டத்தை இரண்டு அலுவலகமும் சேர்ந்துதான் போட வேண்டும். யார் எத்தனை நாளில் கோப்பை யாருக்கு அனுப்புவது என்று எழுத்தில் இல்லாவிட்டால் அந்த நபர் நடுவில் நிற்பார்.

குறிஞ்சிவாணன்

மிக்க நன்றி. எம்1, எம்2 படிவங்களை இப்படிப் பயன்படுத்தலாம் என்று தோன்றவே இல்லை. நிறுவனங்கள் தொழிலாளர் சட்டப்படி நடக்கின்றனவா என்று சோதிக்கும் தொழிலாளர் ஆய்வாளர் துறையையும் இதே குறிப்பில் சேர்க்கலாமா, தனியாக வைக்கலாமா?

வேலைச்சந்தை

சேருங்கள், மானியத்தோடு நேரடித் தொடர்பு இருக்கிறது. குறைந்தபட்ச ஊதியத்தை மட்டும் கணக்கில் காட்டிவிட்டு மீதியைக் கையில் கொடுக்கும் பழக்கம் இருக்கும் துறையில், மானியத் தொகையும் அந்தக் கணக்குக்கே போகிறது. மானியம் வாங்கும் நிறுவனங்களின் பட்டியல் தானாகவே ஆய்வாளருக்குப் போகட்டும். அறிவிப்பில்லாத ஆய்வுக்கும் இடம் இருக்கட்டும்.

ஒப்பந்தத்தையும் பாருங்கள். 2005ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டப்படி ஒரே வேலைக்குக் குறித்தகால ஒப்பந்தத்தை ஐந்து ஆண்டு வரை நீட்டிக்கலாம். மானியத்தை நிரந்தர ஒப்பந்தத்துக்கு மட்டும் என்று வைத்தால், சட்டத் திருத்தத்துக்குக் காத்திருக்காமலே ஒரு படி முன்னேறலாம்.

நிதிப் பகுதியில் ஒரு எச்சரிக்கை. மேற்கு பால்கன் நாடுகளுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் வளர்ச்சித் திட்டத்தில் இந்த நாட்டுக்கு 75 கோடி யூரோ வரை உண்டு. ஆனால் சீர்திருத்தப் படிகளை முடித்தால்தான் பணம் விடுவிக்கப்படும். கூடுதல் அவகாசத்துக்குள்ளும் முடிக்காத படிக்கான தொகை கைவிட்டுப் போகும். ஆலோசகர் சம்பளம்போல மாதாமாதம் தேவைப்படும் செலவை அதில் எழுதாதீர்கள், தேசிய வரவுசெலவில் வையுங்கள்.