நில உபயோக மாற்ற மனு நிராகரிப்பு – மேல்முறையீடு யாரிடம்?

வணக்கம். நகராட்சி எல்லையை ஒட்டி 1 ஏக்கர் 20 சென்ட் புஞ்சை. முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான், எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் திட்டம்) வேளாண் உபயோகம். குடியிருப்பாக மாற்றக் கேட்டு 1971-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், பிரிவு 32(4)-இன் கீழ் போட்ட மனுவைத் திட்டக் குழுமம் போன மாதம் நிராகரித்துவிட்டது.

சொன்ன காரணம் இரண்டு: அணுகுசாலை அகலம் போதாது, பக்கத்தில் ஏரியின் உபரிநீர்க் கால்வாய்.

புல வரைபடத்தில் (வருவாய்த் துறையின் நில அளவை வரைபடம்) சாலை 7.2 மீட்டர். தரையில் 5.5 மீட்டர்தான் இருக்கிறது, மீதியை வேலியும் வீட்டுப் படிகளும் பிடித்திருக்கின்றன. அரசு நில அளவையர் அளந்த வரைபடத்தை இணைத்து மறுபரிசீலனை கேட்டோம், அதே பதில். ஆக்கிரமிப்பை அகற்ற வட்டாட்சியரிடம் கொடுத்த மனு நிலுவையில். நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று, மனைமட்டத்தை உயர்த்தும் நிபந்தனையோடு, மனுவிலேயே இருந்தது. ஆணையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, இதுதான் பெரிய குறை.

பட்டா, அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), வில்லங்கச் சான்று எல்லாம் சரி.

பிரிவு 49-இல் திட்ட அனுமதி மறுத்தால் பிரிவு 79-இல் மேல்முறையீடு உண்டு. 32(4) மறுப்புக்கும் அது செல்லுமா, நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதானா?